இருக்கை விற்று எழுப்பிய ஜெப ஆலயம்: நியூயார்க் எல்ட்ரிட்ஜ் தெருவின் கதை

மன்ஹாட்டன் தீவின் கீழ்ப்பகுதியில் கெனால் தெருவைக் குறுக்கே கடக்கிற ஒரு குறுகலான தெரு எல்ட்ரிட்ஜ். இன்று அது சைனாடவுனுக்குள் அடங்கிவிட்டது. பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் சீன எழுத்துதான். அந்த வரிசையில் 12ஆம் எண் கட்டடம் மட்டும் குதிரைலாட வளைவுகளும் பெரிய வட்டச் சாளரமுமாகத் தனித்து நிற்கிறது. ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள் கட்டிய ஜெப ஆலயம் அது. 1887 செப்டம்பர் 4ஆம் தேதி, யூதப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திறந்தார்கள்.

இந்த ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக அதன் அழகில் நின்றுவிடுவார்கள். அழகு உண்மைதான், அதற்கும் வருவோம். ஆனால் இதன் கதை முழுக்கப் புரிய வேண்டுமானால் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்று பார்ப்பதுதான் வழி. கட்டடம் எழுந்ததற்கும், கூட்டம் நிரம்பியதற்கும், மேல்தளம் பூட்டப்பட்டதற்கும், பிறகு மீண்டதற்கும் அதில் விடை இருக்கிறது.

1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள்மேல் திரும்பியது. தெற்கு ரஷ்யா, உக்ரைன் பகுதிகளில் ஊர் ஊராகக் கலவரம். மறு ஆண்டு மே மாதம் வந்த சட்டங்கள் யூதர்கள் கிராமப்புறத்தில் புதிதாகக் குடியேறுவதையும் நிலம் வாங்குவதையும் தடுத்தன. வறுமை ஏற்கெனவே இருந்தது, நீராவிக் கப்பல் பயணச்சீட்டும் மலிந்துவிட்டது. 1880 தொடங்கி 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கால் ஊன்றிய இடம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட். எல்ட்ரிட்ஜ் தெருவும் அதில் சேர்ந்தது. 1890 கணக்கெடுப்பில் இந்தப் பகுதியின் பத்தாம் வார்டில் ஏக்கருக்கு 500 பேருக்கு மேல் வசித்தார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைகள், மாடிக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், அதே அறையிலேயே தையல் வேலை என்பது அன்றைய வாழ்க்கை.

அந்த நெரிசலில் வழிபாடு எங்கே நடந்தது? பெரும்பாலும் வாடகை அறையில். யூத முறைப்படி கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த 10 ஆண்கள் போதும். ரபி என்னும் மதகுரு இல்லாமலும் நடத்தலாம், கோபுரம் எதுவும் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனிச் சபை வைத்துக்கொண்டார்கள். மின்ஸ்க்காரர் ஒரு மாடியில், பியாலிஸ்டாக்காரர் இன்னொரு மாடியில். நோயுற்றால் உதவி, செத்தால் அடக்கம், புதிதாக வந்தவனுக்கு ஒரு வேலை என்று எல்லாமே ஊர்ச் சங்கம் வழியாக நடந்தது. கொஞ்சம் வசதி வந்த சபைகள் பழைய கிறிஸ்தவத் தேவாலயங்களை வாங்கி மாற்றிக்கொண்டன. நார்ஃபோக் தெருவிலிருந்த பெத் ஹமெட்ராஷ் ஹகடோல் சபை 1885இல் அப்படித்தான் ஒரு கட்டடத்தை வாங்கியது. பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1850இல் கட்டிய தேவாலயம் அது.

எல்ட்ரிட்ஜ் தெருவின் கஹல் அடாத் ஜெஷுருன் சபை வேறு முடிவெடுத்தது. வாங்காமல், வாடகைக்கும் எடுக்காமல், மனை பிடித்து அடித்தளத்திலிருந்து தாங்களே கட்டுவது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவில் தங்களுக்கென்றே எழுப்பிய பெரிய ஜெப ஆலயங்களில் இதுதான் முன்னோடி. சபை அப்போது புதிதல்ல. அதன் வேர் 1852இல் நியூயார்க்கில் தொடங்கிய பெத் ஹமெட்ராஷ் என்ற சபை வரை போகிறது. அதிலிருந்து பிரிந்ததும், பின் மற்றொரு சபையோடு இணைந்ததும் தனிக் கதை. எந்தச் சங்கத்தில்தான் பிளவு இல்லை? முக்கியமானது, 1880களின் நடுவில் இந்தச் சபையில் காசு பார்த்த சில பேர் இருந்தார்கள் என்பது.

அவர்களில் முதல் பெயர் செண்டர் யார்முலோவ்ஸ்கி, சபையின் முதல் தலைவர். தால்முது என்னும் யூத மதச்சட்ட நூலைப் படித்தவர், ஆனால் பிழைப்பு கப்பல் பயணச்சீட்டு வியாபாரம். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் தொடங்கி, 1873 வாக்கில் நியூயார்க்கில் கடை போட்டார். அமெரிக்காவில் இருக்கிற கணவன் ஐரோப்பாவில் இருக்கிற மனைவி மக்களுக்குத் தவணையில் சீட்டு வாங்குவான். அதே ஆள் சேமிப்பையும் அவரிடமே கொடுத்து வைப்பான். சீட்டு விற்றவர் அப்படியே வங்கியாளர் ஆனார். ஐசக் கெல்லிஸ் என்ற இன்னொரு பெரிய மனிதர் யூத முறைப்படி தயாரித்த சாசேஜ் விற்றுப் பணம் சேர்த்தவர். புதிதாக வந்த மக்களின் அன்றாடத் தேவையை வைத்து எழுந்த செல்வம் இது. அந்தச் செல்வம்தான் ஆலயத்துக்கு முன்நின்றது.

முன்நின்றது என்றுதான் சொல்கிறேன். முழுச் செலவையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. மொத்தச் செலவு 90 ஆயிரம் டாலருக்கு மேல் போனது, அந்தக் காலத்தில் பெரிய தொகை. கடன் வாங்கினார்கள். இருக்கைகளை விற்றார்கள்.

இருக்கை விற்பது என்றால் ஒரு நாளைக்கு டிக்கெட் கொடுப்பது இல்லை. பத்திரம் எழுதி விற்றார்கள். வாங்கியவருக்கு அது சொத்து. இன்னொருவருக்குக் கைமாற்றலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். யூத வேதமான தோராவின் சுருள்கள் வைத்திருக்கும் பேழை கிழக்குச் சுவரில் இருப்பதால், அதை ஒட்டிய இடங்களுக்குத்தான் மதிப்பு. பின்னால் போகப் போக விலை இறங்கும். வங்கிக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. உட்கார்ந்தது உண்மை. யார் எங்கே என்பதைப் பணம் தீர்மானித்தது என்பதும் உண்மை. பெண்களுக்கு மேல்மாடம் தனியே இருந்தது.

இதில் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் யூத சமுதாயத்துக்கென்று நிர்வாகமும் வரியும் இருந்தன. ரஷ்யாவில் யூத முறைப்படி அறுத்த இறைச்சிமேல் கொரோப்கா என்றொரு வரி, ஏழைகள் வெறுத்த வரி. அமெரிக்காவில் அரசு எந்த மதத்துக்கும் காசு தராது, எந்தச் சபைக்கும் யாரும் கட்டுப்பட்டவரும் அல்ல. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் 10 பேரைக் கூட்டி வேறு சபை தொடங்கிவிடலாம். 1888இல் பல சபைகள் சேர்ந்து வில்னாவிலிருந்து ஜேக்கப் ஜோசப் என்ற பேர்பெற்ற ரபியை அழைத்துவந்து நியூயார்க்கின் தலைமை ரபி ஆக்கிப் பார்த்தன. அவர் சம்பளத்துக்காகக் கோழிக்குச் சின்னத் தகடு கட்டி அதற்கு ஒரு காசு வசூலித்தபோது, மக்கள் அதற்கும் கொரோப்கா என்றே பெயர் வைத்தார்கள். முயற்சி சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. மேலிருந்து யாரும் கட்டுப்படுத்த முடியாத ஊரில், ஒரு ஆலயம் தன் செலவைத் தானே சம்பாதித்தாக வேண்டும்.

சம்பாதிக்க வேண்டுமானால் ஆள் வர வேண்டும். ஆளை இழுக்கப் பாட்டு வேண்டும். எல்ட்ரிட்ஜ் தெருச் சபை ஒடெஸாவிலிருந்து பின்ஹாஸ் மின்கோவ்ஸ்கி என்ற புகழ்பெற்ற பாடகரைப் பெரும் சம்பளம் பேசி வரவழைத்தது. வழிபாட்டை ராகத்தோடு நடத்திக்கொடுக்கும் இந்தப் பாடகர்களை ஹஸான் என்பார்கள். திருவிழாக் கச்சேரிக்கு வித்வானை அழைக்கப் போட்டி போடும் ஊர்களைப் போல, அன்றைய நியூயார்க் சபைகள் ஹஸான்களுக்காகப் போட்டி போட்டன. மின்கோவ்ஸ்கி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே ஒடெஸாவுக்குத் திரும்பி, அங்குள்ள பிராடி ஜெப ஆலயத்தில் நீண்ட காலம் இருந்தார்.

வருமானத்தின் உச்சம் புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் நோன்பு வரையான நாட்களில் வரும். காரணம் எளிது. அமெரிக்காவில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, விடுமுறை ஞாயிறு. யூதர்களின் ஓய்வு நாளோ சனி. சனிக்கிழமை வராதே என்று சொல்லும் முதலாளி அரிது. ஆகவே ஊரில் சப்பாத்தைத் தவறவிடாத பலர் இங்கே தையல் எந்திரத்தின்முன் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எப்படியாவது வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் எல்ட்ரிட்ஜ் தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் நிற்க வேண்டியிருந்தது.

உள்ளே ஒழுங்கு இன்னொரு தலைவலி. சபையின் கூட்டக் குறிப்புகள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில், இன்றும் இருக்கின்றன. பேசக் கூடாது, துப்பக் கூடாது, நடமாடக் கூடாது என்று கண்காணிக்க ஆள் போட்டிருந்தார்கள். எச்சில் படிக்கங்களும் வைத்திருந்தார்கள். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர் வழிபாட்டில் சத்தமும் உடல் அசைவும் சாதாரணம். ஆனால் மேல்நகரில் வாழ்ந்த ஜெர்மன் யூதர்கள், ஒரு தலைமுறை முன்பே வந்து வசதியானவர்கள், இந்தப் புதியவர்களைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பார்த்தார்கள். அவர்களுக்கு லெக்ஸிங்டன் அவென்யூவில் 1872இலேயே சென்ட்ரல் சினகாக் இருந்தது. எல்ட்ரிட்ஜ் தெருக்காரர்கள் வழிபாட்டு முறையில் அவர்களைப் பின்பற்ற மறுத்தார்கள். கண்ணியமாகத் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சளைக்கவில்லை.

கட்டடத்தின் தோற்றமும் இதே கதைதான் சொல்கிறது. வடிவமைத்தவர்கள் பீட்டர் ஹெர்டர், ஃபிரான்சிஸ் ஹெர்டர் என்ற சகோதரர்கள். ஜெர்மனியில் பிறந்த கத்தோலிக்கர்கள். இது அவர்கள் கட்டிய முதல் ஜெப ஆலயம். முகப்பில் பெரிய வட்டச் சாளரம் கத்தோலிக்கப் பேராலயங்களின் அடையாளம். அதைச் சுற்றி 12 சிறு வட்டங்களை வைத்து இஸ்ரவேலின் 12 கோத்திரங்கள் என்று பொருள் கொடுத்தார்கள். நான்கு கதவுகள் யூத மரபின் நான்கு ஆதித் தாய்களுக்கு, ஐந்து வளைவு ஜன்னல்கள் மோசேயின் ஐந்து நூல்களுக்கு. குதிரைலாட வளைவுகள் மூரியப் பாணி. இதற்கு யூதர்களோடு இருக்கும் தொடர்பு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனி வழியாக வந்தது. அங்கே லைப்சிக், பெர்லின் நகர யூதர்கள் தங்கள் ஆலயம் தேவாலயம் போலத் தெரியக் கூடாது என்பதற்காக ஸ்பெயினின் இஸ்லாமிய காலக் கலையை எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவின் மரத்தால் கட்டிய சிற்றூர் ஜெப ஆலயங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அதாவது, ஊர் நினைவில் கட்டிய கட்டடம் இல்லை இது. ஜெர்மன் யூதர்கள் நியூயார்க்கில் கட்டியதைப் பார்த்து, எங்களாலும் முடியும் என்று எழுப்பியது.

உள்ளே 70 அடி உயரத்துக்கு வளைந்த கூரை, நீல வானும் நட்சத்திரங்களுமாக வரைந்த சுவர்கள், இத்தாலியிலிருந்து வந்த வால்நட் மரப் பேழை. கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரிகிற தூண்கள் பல வெறும் பூச்சு. சாதாரண மரத்தைக் கருவாலி மரமாகக் காட்டும் வண்ணவேலையும் உண்டு. கையிலிருந்த பணத்துக்குள் செல்வச் செழிப்பைக் காட்டத் தெரிந்தவர்கள்! தரையில் பைன் மரப் பலகைகள். இருக்கை வரிசைகளுக்கு நடுவே அந்தப் பலகைகளில் குழிந்த தடங்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் அசைந்தபடி பிரார்த்தித்தவர்களின் கால்கள் பல பத்தாண்டுகளில் தேய்த்தவை.

சரிவு எப்படி வந்தது என்பதற்கு யார்முலோவ்ஸ்கியின் வங்கியே ஒரு முன்னறிவிப்பு. 1912இல் கெனால், ஆர்ச்சர்ட் தெருக்கள் சேரும் முனையில் 12 மாடிக் கட்டடம் எழுப்பினார். அது முடிந்த சில வாரங்களில் இறந்தும் போனார். மகன்கள் கைக்கு வங்கி வந்தது. 1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும், உறவினர்களுக்குப் பணம் அனுப்ப எல்லாரும் ஒரே நேரத்தில் சேமிப்பை எடுக்க வந்தார்கள். வங்கியின் பணம் கட்டட மனைகளில் முடங்கிக் கிடந்தது. ஆகஸ்டில் மாநில அரசு வங்கியை மூடியது. பணம் போட்டவர்கள் தெருவில் திரண்டு நின்றார்கள்.

அதே காலத்தில் ஆட்களும் போகத் தொடங்கியிருந்தார்கள். 1903இல் வில்லியம்ஸ்பர்க் பாலம், 1909இல் மன்ஹாட்டன் பாலம், கூடவே சுரங்க ரயில் வந்தபிறகு புரூக்ளினிலும் பிராங்க்ஸிலும் வெளிச்சமான வீடுகள் எட்டும் தூரத்தில் வந்தன. தள்ளுவண்டிக்காரரின் மகன் கணக்காளர் ஆனதும் எல்ட்ரிட்ஜ் தெருவில் இருக்க விரும்பவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். போகிறவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் கப்பலில் வந்துகொண்டிருந்த வரை இது ஆலயத்தைப் பாதிக்கவில்லை. 1924 குடியேற்றச் சட்டம் அந்தக் குழாயை அடைத்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு, 1890இல் அமெரிக்காவில் இருந்த அந்நாட்டவர் எண்ணிக்கையில் 2 சதவீதம். வேண்டுமென்றே பழைய கணக்கெடுப்பை எடுத்தார்கள். கிழக்கு, தெற்கு ஐரோப்பியர்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகு என்பது சட்டம் இயற்றியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் 1929இன் பொருளாதார வீழ்ச்சி. சந்தா கொடுக்க ஆள் இல்லை, பத்திரம் எழுதிய இருக்கைகளை வாங்கவும் ஆள் இல்லை.

மிஞ்சியவர்கள் செய்தது நடைமுறைக்கு ஏற்ற காரியம். அந்தப் பெரிய மண்டபத்தைக் குளிர்காலத்தில் சூடாக்கக் கட்டுப்படியாகவில்லை. கீழ்த்தளத்தில் படிப்புக்கென்று இருந்த சிறிய அறைக்கு வழிபாட்டை மாற்றிக்கொண்டார்கள். கிழக்குச் சுவரின் வண்ணச் சாளரம் பழுதானபோது 1944இல் கண்ணாடிச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1950களில் மேல்மண்டபம் முற்றிலும் பூட்டப்பட்டது. கூரை ஒழுகியது, படிக்கட்டு தளர்ந்தது, புறாக்கள் குடியேறின. கீழே மட்டும் சனிக்கிழமை வழிபாடு விடாமல் நடந்தது.

இந்த வறுமைதான் கட்டடத்தைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. பணம் இருந்த சபைகள் இடம் மாறின, பழையதை விற்றன, அல்லது நவீனமாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் பெயர்த்தன. எல்ட்ரிட்ஜ் தெருவில் பெயர்க்கக்கூடக் காசில்லை. 1971இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஜெரார்ட் வுல்ஃப் என்ற கட்டடக்கலை வரலாற்றாளர், ஆலயப் பொறுப்பாளரை நச்சரித்து மேல்மண்டபத்தைத் திறக்கவைத்தார். தூசியும் புறா எச்சமும் ஒருபுறம். மறுபுறம், பிரார்த்தனைப் புத்தகங்கள் இருக்கைகளிலேயே கிடந்தன, பித்தளை விளக்குகள் தொங்கின, பேழை அப்படியே இருந்தது.

அவர் ஒரு நண்பர் குழுவைச் சேர்த்தார். 1980இல் நகரம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. ஆனால் பெருந்தொகை திரட்டும் வழி 1986இல்தான் பிறந்தது. பத்திரிகையாளரும் மரபுக் கட்டடப் பாதுகாப்பாளருமான ராபர்ட்டா பிராண்டிஸ் கிராட்ஸ் அப்போது எல்ட்ரிட்ஜ் தெருத் திட்டம் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். தனி அமைப்பு என்பதில்தான் சூட்சுமம். மதச் சபைக்கு அரசு நிதி தருவதில் அமெரிக்காவில் அரசியலமைப்புச் சிக்கல் உண்டு. மதம் சாராத மரபுரிமை அமைப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. சபை கீழே தன் வழிபாட்டைத் தொடர்ந்தது. அமைப்பு நகரத்திடமும் மாநிலத்திடமும் தனியாரிடமும் நிதி கேட்டது. 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. சுமார் 2 கோடி டாலர் செலவில், இருபது ஆண்டுக்கு மேல் நீண்ட வேலை 2007 டிசம்பரில் முடிந்தது. கட்டச் செலவானது 90 ஆயிரம் சொச்சம் என்பதை ஒப்பிட்டால், விலைவாசி உயர்வைக் கழித்தாலும், பழுதுபார்ப்பது கட்டுவதைவிடப் பன்மடங்கு விழுங்கிவிட்டது.

புதுக்கியபோது எல்லாவற்றையும் பளபளப்பாக்கவில்லை. தேய்ந்த தரைப் பலகைகளை விட்டுவைத்தார்கள். ஒரு சுவர்ப் பகுதியைச் சிதைந்தபடியே, உள்ளிருக்கும் மரச்சட்டம் தெரிய விட்டிருக்கிறார்கள். கிழக்குச் சாளரம்தான் பெரிய தலைவேதனை. பழையது எப்படி இருந்தது என்று காட்டப் படமோ வரைபடமோ இல்லை. ஊகித்து ஒன்று செய்யலாம், 1944இன் கண்ணாடிச் செங்கல்லையே வரலாறு என்று வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஒன்றைப் படைக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தார்கள். கலைஞர் கிக்கி ஸ்மித்தும் கட்டடக் கலைஞர் டெபோரா கான்ஸும் சுவர் ஓவியத்தின் நீலத்தையும் ஐந்துமுனை நட்சத்திரங்களையும் கண்ணாடிக்குக் கொண்டுபோனார்கள். 16 அடி விட்டம், 1,200க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். 2010இல் பொருத்தினார்கள். பழமைவாதிகளுக்கு இது உறுத்தலாம். இல்லாத பழமையை ஊகித்துப் போலி செய்வதைவிட இது நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் தெரு சீனர்களின் தெருவாகிவிட்டது. 1924இன் ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சீனக் குடியேறிகள் பெருமளவில் வரத் தொடங்கி, சைனாடவுன் கெனால் தெருவைத் தாண்டிப் பரவியது. ஒரு சட்டம் ஆலயத்தை வெறுமையாக்கியது, இன்னொன்று அக்கம்பக்கத்தை மறுபடி நிரப்பியது. கட்டடம் இப்போது அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. யூத, சீன உணவும் இசையுமாகத் தெருவிழா நடத்துகிறது. சிறிய சபை ஒன்று இன்னும் அங்கே வழிபடுகிறது.

நார்ஃபோக் தெருவில் பழைய கோயிலை வாங்கிய அந்த இன்னொரு சபைக்கு இப்படி அமையவில்லை. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி பெற்றதுதான். ஆனால் பணம் திரட்டவென்று வெளியே வலுவான அமைப்பு உருவாகவில்லை. 2007இல் மூடப்பட்டது. 2017 மே மாதம் தீப்பிடித்தது. எஞ்சிய சுவர்களை 2019இல் இடித்தார்கள்.